வாசலில் அந்த மேசை எதற்கு?

கேள்வி:

என் மகளுக்குப் பதினைந்து வயது. பத்தாம் தரம் படிக்கிறாள். சாதாரண தரத்துக்குச் சித்திரப் பாடம் எடுத்திருக்கிறாள். கொரோனா வந்த 2020இல் அவள் ஐந்தாம் தரம். அந்தப் பாடசாலை ஐந்தாம் தரத்தோடு முடிந்துவிடும் என்பதால் ஆறாம் தரத்துக்கு வேறு பாடசாலைக்கு மாறினாள். இப்போது என்ன கீறினாலும் அந்தப் பழைய பாடசாலைதான். தண்ணீர்க் குழாயடியில் வரிசை, இடைவேளையில் ஒரே சாப்பாட்டுப் பெட்டிக்குள் நாலு பேர் கை, காலை வேனில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிற பிள்ளைகள், பாடசாலை விடும் நேரம் வாசலில் குடையோடு நிற்கிற என் அம்மா. அம்மாதான் தினமும் போய்க் கூட்டிவருவார். 2021 ஜூனில் அவர் தவறிவிட்டார். பயணக்கட்டுப்பாடு இருந்த நேரம், ஆட்கள் கூடக்கூடாது என்றார்கள். மகளைச் செத்தவீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை.

படங்களில் ஒருவருக்கும் முகம் இல்லை. வாசல் படத்தில் எப்போதும் ஒரு மேசை இருக்கிறது, அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. சித்திர ரீச்சர், எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் இதையே கீறுகிறாள், பரீட்சைக்கு உதவாது என்கிறார். அம்மா நிற்கிற படத்தையும் இன்னொன்றையும் நான் பேஸ்புக்கில் போட்டேன். பாவம் பிள்ளை, மனதில் பெரிய தாக்கம் என்று எல்லோரும் எழுதினார்கள். அதைப் பார்த்து மகள் கோபித்துக்கொண்டு இப்போது சித்திரக் கொப்பியை ஒளித்து வைக்கிறாள். இது மனநோயா? எங்காவது கூட்டிப்போய்க் காட்ட வேண்டுமா? கொப்பியை வாங்கி வைத்துவிட்டுப் படிக்கச் சொல்லலாமா?

– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கொப்பியை வாங்கி வைக்காதீர்கள். நீங்கள் கேட்ட மூன்றில் இதற்கு மட்டும் யோசிக்காமல் பதில் சொல்லலாம். பறித்தால் படிப்பாள் என்பதற்கு ஓர் உத்தரவாதமும் இல்லை. உங்களோடு கதைப்பதைக் குறைத்துக்கொள்வாள் என்பது கிட்டத்தட்ட நிச்சயம்.

நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். பழையதை நினைத்து ஏங்குவதை ஒரு காலத்தில் மருத்துவர்கள் உண்மையிலேயே நோய் என்றுதான் வைத்திருந்தார்கள். 1688இல் ஜொகானஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் பாசல் நகரில் எழுதிய ஆய்வேட்டில்தான் ‘நொஸ்டால்ஜியா’ என்ற சொல்லே பிறந்தது. ஊரைவிட்டுப் போய் வாடியவர்களுக்கு அவர் சொன்ன மருந்து, ஆளை ஊருக்கே அனுப்பிவிடுவது. நல்ல மருந்துதான். ஆனால் உங்கள் மகளை 2019க்கு ஏற்றிப்போக காலி வீதியில் ஒரு பஸ்ஸும் ஓடவில்லையே. இப்போது யாரும் ஏக்கத்தை நோயென்று சொல்வதில்லை. ஏங்குகிற பிள்ளை சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, பாடசாலை போகிறாளா என்பதைத்தான் பார்ப்போம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அவள் அந்தப் பாடசாலையை விட்டு வந்த விதத்தைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 2020 மார்ச் 12, வியாழக்கிழமை. மறுநாளிலிருந்து பாடசாலைகள் பூட்டு என்று அன்றுதான் அறிவித்தார்கள். சித்திரைப் புத்தாண்டு முடியத் திறக்கும் என்றார்கள். எந்தப் பிள்ளையாவது அழுததா? எனக்குத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் துள்ளிக் குதித்தார்கள், எதிர்பாராத லீவு அல்லவா. 20ஆம் திகதி மாலை ஊரடங்கு வந்தது. கொழும்பில் அது மே மாதக் கடைசிவரை இழுத்தது. பிறகு திறந்தார்கள், மூடினார்கள். ஒக்டோபரில் மறுபடி பாடசாலைகளைப் பூட்டி ஒரு வாரத்துக்குள்ளேயே, 11ஆம் திகதி, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நடந்தது. 2021 ஜனவரியில் மற்ற மாகாணங்களில் பாடசாலை தொடங்கியபோதும் மேல் மாகாணத்தில் தொடங்கவில்லை. உங்கள் மகள் ஐந்தாம் தரத்திலிருந்து ஆறாம் தரத்துக்குப் போனது ஒரு கைத்தொலைபேசிக்குள்ளே. பிரியாவிடை இல்லை, ஒட்டோகிராப் கொப்பி இல்லை. மேசைக்கு அடியில் விட்டுவந்த அழிறப்பரைக்கூட எடுக்கப் போயிருக்க மாட்டாள். சரி, எல்லாம் முடிந்து வழமைக்கு வரும் என்று பார்த்தால், 2022இல் தாள் இல்லை என்று தவணைப் பரீட்சை தள்ளிப்போனது, பெற்றோல் இல்லை என்று பாடசாலையே மூடப்பட்டது. ‘வழமை’ என்று பெரியவர்கள் சொன்ன அந்தப் பொருளை அந்தப் பிள்ளை எங்கே கண்டாள்?

போலின் பொஸ் என்ற அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர், முடிந்ததா முடியவில்லையா என்று தெரியாத இழப்புகளைப் பற்றி 1970களிலிருந்து எழுதிவருகிறார். போருக்குப் போய்த் திரும்பாத, இறந்ததாகவும் உறுதியாகாத ஆட்களின் குடும்பங்களைப் பார்த்துத்தான் அவர் தொடங்கினார். நம் நாட்டில் காணாமல்போன பிள்ளைகளின் படத்தை ஏந்தித் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு பாடசாலையை இழந்ததை அந்தத் துயரத்துக்குப் பக்கத்தில் வைக்க நான் துணிய மாட்டேன். ஆனாலும் மனம் ஓடுகிற பாதை ஒன்றுதான்: கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்காதவரைக்கும் ஆள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். உங்கள் மகள் பென்சிலோடு திரும்பிப் பார்க்கிறாள்.

இனி அவள் தேர்ந்தெடுத்த காட்சிகளைப் பாருங்கள். கடிதத்தை மூன்றாம் தரம் வாசித்தபோதுதான் எனக்கு இது பிடிபட்டது. விளையாட்டுப் போட்டி இல்லை, பரிசளிப்பு விழா இல்லை, தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போன சுற்றுலாவும் இல்லை. ஒரு பிள்ளை சந்தோஷ நாட்களை நினைத்தால் அவற்றைத்தானே கீறும். இவள் கீறுவது குழாயடி வரிசை, பலர் கை வைத்த சாப்பாட்டுப் பெட்டி, நெருக்கமான வேன், ஆட்கள் முண்டியடிக்கும் வாசல். இந்த நாலும் கொரோனா காலத்தில் நாம் பிள்ளைகளுக்குத் தடுத்த நாலு காரியங்கள். குழாயைத் தொடாதே, ஒரு மீற்றர் தள்ளி நில், உன் சாப்பாட்டை நீயே சாப்பிடு, வேனில் சீட்டுக்கு ஒருவர், வாசலில் பெற்றோர் கூடாதீர்கள். பத்து வயதில் அந்தச் சட்டங்களுக்குள் போன பிள்ளை, சட்டம் எடுபட்டபோது பன்னிரண்டு வயதில், பெயர் தெரியாத வகுப்பில், முகக்கவசம் போட்ட முப்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். புதிய சிநேகிதியின் பெட்டிக்குள் கை விடும் உரிமை ஒரே நாளில் வந்துவிடாது. அது ஒன்றாம் தரத்திலிருந்து சேர்த்த சேமிப்பு.

என் கதையையும் சொல்கிறேன். நூறாம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டியில் ஏறி, யாரோ ஒருவருடைய முழங்கையைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டு கோட்டைக்குப் போவதை இருபது வருடம் திட்டித் தீர்த்தவள் நான். அந்த ஊரடங்கில் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று வெறும் காலி வீதியைப் பார்த்தபோது, ‘உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ’ என்று கத்துகிற கொண்டக்டரின் குரல் வேண்டுமென்றிருந்தது. பாண்காரரின் ஆட்டோப் பாட்டுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன், பாண் வாங்க அல்ல. ஆகவே உங்கள் மகளின் ஏக்கத்தை விசித்திரம் என்று என்னால் சொல்ல முடியாது. என்னிடம் வரைகிற கை இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த மேசை. உங்கள் மகள் நாலாம் தரம் படித்த 2019இல் ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்தது. மே மாதம் பாடசாலைகள் மறுபடி திறந்தபோது கொழும்பில் பாடசாலை வாசல்களில் புத்தகப்பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். பல இடங்களில் பெற்றோரே முறை வைத்து நின்று சோதித்தார்கள். அதற்கு வாசலில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். கொப்பி, சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் அதில் இறங்கி ஏறும். நீங்களோ உங்கள் அம்மாவோ அந்த மேசைக்குப் பின்னால் நின்றிருக்கவும் கூடும். என் ஊகம், அவள் கீறுவது அந்த மேசையைத்தான்.

இந்த ஊகம் சரியென்றால் எனக்கு ஒரு பெரிய நிம்மதி. ஏக்கம் பொய் சொல்லும் பழக்கமுள்ளது. ஆகாததை வெட்டி எறிந்துவிட்டு, அந்தக் காலம் பொற்காலம் என்று காட்டும். பெரியவர்கள் நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். கொரோனாவுக்கு முன் வாழ்க்கை எவ்வளவு வடிவு என்று கதைக்கும்போது, அதற்குப் பத்து மாதம் முன்பு பிள்ளையின் பையில் கை விட்டுக் குண்டு தேடியதை மறந்துவிடுகிறோம். பதினைந்து வயதுப் பிள்ளை மறக்கவில்லை. குடையையும் கீறுகிறாள், மேசையையும் கீறுகிறாள். கனவுக்குள் ஓடி ஒளிகிறவள் மேசையை விட்டுவிட்டல்லவா கீறுவாள்?

முகம் இல்லாததைப் பற்றி நீங்கள் பயப்படுவது தெரிகிறது. கறுப்புப் பூசினால் சோகம், சிவப்புப் பூசினால் கோபம், முகம் இல்லாவிட்டால் அடையாளச் சிக்கல் என்று படத்தை வைத்துச் சாத்திரம் சொல்கிறவர்கள் என் தொழிலிலும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சின்ன உருவத்துக்கு முகம் போடுவது கஷ்டம், ஒரு கோடு பிழைத்தால் சிநேகிதி பேயாகிவிடுவாள். அல்லது ஐந்து வருடத்தில் முகங்கள் அவளுக்கு மங்கியிருக்கலாம். அல்லது ஒரு சிவப்பு றிபனும் கோணல் சப்பாத்தும் போதும், அது யாரென்று அவளுக்குத் தெரியும். ‘இது யார்?’ என்று ஒரு உருவத்தைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். பெயர் உடனே வந்தால் முகம் அவளுக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பேஸ்புக்கில் போட்ட இரண்டு படங்களையும் எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டேன், கேட்காமல் போட்டது பிழை என்று அவளிடம் நேரே சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம். ‘எல்லோரும் பாராட்டத்தானே செய்தார்கள்’ என்ற வால் வேண்டவே வேண்டாம். அவள் கீறியது ஒரு குழாயடி. ஊர் உலகம் அதில் கண்டது ஒரு நோயாளி. கனடாவிலிருக்கிற பெரியம்மா ‘பாவம்’ என்று எழுதினால் அந்த வயதில் யாருக்குத்தான் கோபம் வராது.

பிறகு சில நாள் சும்மா இருங்கள். கொப்பி தானாக மேசைக்கு வரும். வந்த பிறகும் ‘ஏன் இன்னும் இதையே கீறுகிறாய்’ என்று கேட்காதீர்கள். அந்த ‘ஏன்’ ஒரு பொலிஸ்காரக் கேள்வி. பொருளைப் பற்றிக் கேளுங்கள். குழாய் எத்தனை இருந்தது? எந்தக் குழாயில் தண்ணீர் மெல்ல வரும்? வேனில் ஜன்னல் பக்கம் யாருக்கு? நீங்கள் மரக்கறி வெட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டால் இன்னும் நல்லது. பதின்ம வயதுப் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்தால் வாய் திறக்க மாட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்தால் கதைப்பார்கள்.

அவளுக்குப் பிடிக்குமென்றால் ஒரு வேலை கொடுத்துப் பார்க்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொன்னார். அடுப்படி எங்கே, கிணறு எங்கே, எந்த மூலையில் சாமி அறை என்று ஆட்கள் கீறிக் கொடுத்தவை 2011இல் நூலாக வந்தன. ஓவியம் பழகாதவர்களின் கோடுகள் அவை. உங்கள் மகளும் அந்தப் பாடசாலையை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி ஒரு தரைப்படமாகக் கீறலாம்: எந்த வாங்கில் யார், கரும்பலகை எந்தப் பக்கம், கன்டீனுக்கு எத்தனை அடி. கீறி முடிக்கும்போது, அந்த இடத்தை முழுதாக ஒரு தாளில் கொண்டுவந்து வைத்துவிட்டேன் என்ற ஒரு நிறைவு வரும். எல்லோருக்கும் வராது. எனக்குத் தெரிந்த சிலருக்கு வந்திருக்கிறது.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கீறுவது குறைபாடு என்று ரீச்சர் நினைத்தால், ஐவன் பீரிஸைப் பற்றி அவருக்கு மெதுவாக ஞாபகப்படுத்தலாம். 1943இல் கொழும்பில் தொடங்கிய ‘43 குழு’ ஓவியர்களில் ஒருவர். 1950களில் இங்கிலாந்துக்குப் போனவர், 1988இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். அங்கே இருந்துகொண்டு அவர் வருடக்கணக்காகக் கீறியது தான் சிறுவயதில் அறிந்த தெகிவளைக் கடற்கரையை. உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். கடல், கரை, தென்னை, சில ஆட்கள். பார்ன்ஸ் பிளேசில் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இப்போது சபுமல் மன்றம். 43 குழுவினரின் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. ஒரு நாள் மகளைக் கூட்டிப்போங்கள், அறிவுரை எதுவும் சொல்லாமல். அவர் எங்கிருந்து கீறினார் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

சரி, ரீச்சர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பரீட்சையில் தலைப்பை விட்டு விலகினால் புள்ளி போகும். இதை மனநலப் பிரச்சினையாக்காமல் தொழில்நுட்பப் பிரச்சினையாகப் பாருங்கள். சந்தை என்று தலைப்புத் தந்தால் குழாயடி வரிசையைப் பார்த்த அதே கண்ணோடு வெள்ளவத்தைச் சந்தையில் அரை மணி நேரம் நிற்கட்டும். நெருங்கி நிற்கிற உடம்புகளைக் கீறத் தெரிந்த பிள்ளைக்கு பஸ் தரிப்பிடம் ஒரு வேலையே இல்லை. ஆனால் இதைப் பழைய படங்களுக்குப் பதிலாக என்று சொல்லிக் கொடுக்கக்கூடாது. அது பரீட்சைக்கு, இது அவளுக்கு.

இனிக் கொஞ்சம் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். கொப்பியில் எத்தனையோ படம் இருக்க, நீங்கள் பேஸ்புக்குக்கு எடுத்த இரண்டில் ஒன்று உங்கள் அம்மா குடையோடு நிற்கிற படம். ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. அந்த ஜூன் மாதத்தில் உங்களுக்கும் செத்தவீடு முழுதாக நடக்கவில்லை. எட்டுச்செலவுக்கு எத்தனை பேர் வந்தார்கள், அந்தியேட்டிக்கு யார் நின்றார்கள், யாருடைய தோளில் நீங்கள் அழுதீர்கள் என்று நான் அறியேன். மகளைக் கூட்டிப்போகாதது உங்கள் பிழை இல்லை, அன்றிருந்த நிலைமை அது. ஆனால் கூட்டிப்போகவில்லை என்பதை நீங்கள் இருவரும் ஒரு தடவையாவது வாய்விட்டுக் கதைத்திருக்கிறீர்களா? அடுத்த திவசத்துக்கு, அம்மம்மாவுக்கு என்ன சமைப்போம் என்று அவளிடமே கேளுங்கள். பாடசாலை விடும்போது அம்மம்மா கையில் என்ன கொண்டுவருவார் என்பது உங்களைவிட அவளுக்குத்தான் தெரியும். குடைப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்றும் கேட்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

எப்போது ஆளிடம் காட்ட வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ சாப்பாடோ குழம்பிப்போனால், பாடசாலைக்குப் போக மாட்டேன் என்று தொடர்ந்து நின்றால், இருக்கிற ஒன்றிரண்டு சிநேகிதிகளையும் விலக்கினால், கீறுவதையே கைவிட்டு ஒன்றிலும் மனமில்லாமல் கிடந்தால் காத்திராமல் ஒரு மருத்துவரிடமோ பாடசாலை உளவளத்துணை ஆசிரியரிடமோ போங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று பகிடிக்குச் சொன்னாலும், உடம்பில் காயப்படுத்திய அடையாளம் கண்டாலும் அன்றைக்கே போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை. கோபிக்கிறாள், ஒளிக்கிறாள், கீறுகிறாள். பதினைந்து வயதில் இது மூன்றும் சரியாக வேலை செய்கிற பிள்ளை.

அந்த மேசையைப் பற்றிக் கேட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் இவ்வளவு நேரம் அதை வைத்துப் பெரிய கதை கட்டியிருக்கிறேன். அது மாங்காய் அச்சாறு விற்றவரின் மேசையாக இருந்தால் அதையும் தெரிந்துகொள்ள ஆசை.